முழுகாமல் இருந்தால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டுமா?

காசிமேட்டுத் தம்பி
12 ஜூன் 2025, இரவு 9:52

வீட்டில் முழுகாமல் இருக்கிறாள். ஏழு வாரம். மூன்று வருடமாகத் தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இங்கிலீஷ் மருந்தே ஆகாது என்று மாமியார் சொன்னதால் பத்து நாளாக நிறுத்திவிட்டோம். அடுத்த செக்கப் மூன்று வாரம் கழித்துத்தான். அதுவரை எதுவும் போடாமல் இருப்பதுதானே பத்திரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள் அண்ணா.

பழைய கவுண்டர்
12 ஜூன் 2025, இரவு 10:15

பத்திரம் இல்லை தம்பி. மூன்று வாரமெல்லாம் காத்திருக்காதே, காலையிலேயே கூட்டிக்கொண்டு போ. மாத்திரை டப்பாவையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையில் எடுத்துக்கொள். பத்து நாள் நிறுத்தியதை மறைக்காதே.

தைராக்சின் உடம்பு தானாகவே சுரக்க வேண்டிய சரக்கு. உன் மனைவிக்கு அது போதவில்லை, மாத்திரை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் சொந்தத் தைராய்டு ஏறக்குறைய வேலையே செய்யாது. மூளை வளரத் தேவையானதை அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் வாங்கிக்கொள்ளும். அதனால் இந்தச் சமயத்தில் அந்த மாத்திரையை நிறுத்துவதற்குப் பதில் கூட்டத்தான் செய்வார்கள். 25, 30 சதவீதம் கூட்டுவது சாதாரணம். எவ்வளவு என்பதை ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராக்சின் போதாவிட்டால் ஏறும் அளவு) பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார். நீயாகக் கூட்டாதே.

பழைய கவுண்டர்
13 ஜூன் 2025, காலை 7:05

ராத்திரி கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன். மாமியாரிடம் போய்ச் சண்டை பிடிக்காதே. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் யார் என்று கேட்டிருக்கிறார்கள். டி.பார்ம் படித்தவன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெடிக்கலில் 22 வருடம் கவுண்டரில் நின்றேன். இப்போது கண் ஆபரேஷன் ஆகி தண்டையார்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். டாக்டர் இல்லை. நான் எழுதுவதைச் சீட்டு மாதிரி கடைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

காசிமேட்டுத் தம்பி
14 ஜூன் 2025, மதியம் 1:30

போய்விட்டு வந்தோம். டி.எஸ்.எச். 8.6. மாத்திரையை 100 ஆக்கிவிட்டார். நாலு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். திட்டு எனக்குத்தான், மாமியாருக்கு இல்லை.

பழைய கவுண்டர்
14 ஜூன் 2025, மாலை 6:40

வாங்கிக்கொள், மருமகனாகப் பிறந்தால் அப்படித்தான்.

அந்த மாத்திரையைப் போடும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபியோ டீயோ கூடாது. நம்ம ஏரியாவில் டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் இருப்பது தவம்தான், என்ன செய்வது. நாலாம் மாதத்திலிருந்து இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள், அதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல். டப்பாவைக் குளியலறை அலமாரியிலோ அடுப்புப் பக்கமோ வைக்க வேண்டாம். அந்த மாத்திரைக்குச் சூடும் ஈரமும் ஆகாது.

பழைய கவுண்டர்
17 ஜூன் 2025, இரவு 11:20

மாமியார் சொன்னதில் பாதி நியாயம் என்றேன் இல்லையா, அதற்கு என் கதைதான் சாட்சி. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் மனசில் இருக்கிறது.

ஒருவர் வந்து, "முதுகு வலிக்கு ரெண்டு வேளை மாத்திரை குடுங்கண்ணா" என்றார். தெரிந்த முகம், துறைமுகத்தில் லோடு இறக்குபவர். முதுகு வலி அவருக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டைக்ளோஃபெனாக் கலந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். மருந்து நன்றாகக் கேட்டதாம், மறுநாளும் வந்து வாங்கினார், அதற்கடுத்த இரண்டு நாளும் வாங்கினார். வலி அவர் மனைவிக்கு. எட்டு மாதம்.

அடுத்த வாரம் ஸ்கேனில் பனிக்குட நீர் குறைந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டு, காலிக் கவரை எடுத்து வரச் சொல்லி, உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். பத்துப் பதினைந்து நாளில் நீர் சரியாகிவிட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவர் அந்தப் பழுப்புக் கவரை என் மேசையில் வைத்துவிட்டு, "இதுல என்ன இருந்துச்சுண்ணா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பனிக்குட நீரில் பெரும்பகுதி வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் சிறுநீர்தான். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் பிள்ளையின் சிறுநீரகத்தை மந்தமாக்கிவிடும், நீர் குறையும். கடைசி மூன்று மாதத்தில் போட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக் குழாய் இருக்கிறது, அது பிறந்த பிறகுதான் மூட வேண்டும். இந்த மாத்திரைகள் அதை முன்கூட்டியே சுருக்கிவிடும். கடைசி மாதங்களில் ஆகாது என்பது அப்போதே பாடத்தில் இருந்தது, நானும் படித்துத்தான் பாஸ் பண்ணினேன். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த எல்லையை இன்னும் முன்னால் கொண்டு வந்து, 20 வாரத்திலிருந்தே தவிர்க்கச் சொன்னது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்திருந்தும் "யாருக்கு?" என்று கேட்கவில்லை.

பழைய கவுண்டர்
18 ஜூன் 2025, காலை 9:10

அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் "யாருக்கு, என்ன வயசு, முழுகாம இருக்காங்களா, பால் குடுக்கறாங்களா" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. ஒரு தரம் கொஞ்சம் பூசினாற்போல இருந்த ஓர் அக்காவிடம் "எத்தனாவது மாசம்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கடை வாசலில் நின்று அவர் கொடுத்த டோஸுக்கு எந்த அட்டையிலும் அளவு போடவில்லை. அதிலிருந்து "மாசமா இருக்க வாய்ப்பு இருக்கா" என்று மட்டும், குரலைத் தணித்துக் கேட்பேன்.

பழைய கவுண்டர்
22 ஜூன் 2025, இரவு 8:30

"வேளை மாத்திரை" என்றால் என்ன என்று அண்ணா நகர்க்காரர் ஒருவர் கேட்கிறார். கொடுத்துவைத்தவர்.

எங்கள் பக்கம் காய்ச்சல், உடம்பு வலி, சளி என்று சொன்னால் போதும். நாலைந்து அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சில இடங்களில் அட்டையிலிருந்தே உதிர்த்து, ஒரு வேளைக்கு இத்தனை என்று கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் இல்லை, தேதி இல்லை, பில் இல்லை. ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேப்சூல், அப்புறம் ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டிதான் ராஜா. பல நேரம் அது டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ, அதாவது ஸ்டீராய்டு. ரெண்டு வேளையில் ஆள் எழுந்து கடலுக்குப் போய்விடுவார். "அந்தக் கடை மருந்துதான் கேட்கும்" என்று பெயர் வந்துவிடும்.

சர்க்கரை இருப்பவருக்கு அது சர்க்கரையை ஏற்றும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்பும், எலும்பு மெலியும். அதைவிட மோசம், ரொம்ப நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், ஆள் சுருண்டு விழுவார். அப்படி ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன், மூட்டு வலிக்கு இரண்டு வருடம் "குட்டி மாத்திரை" போட்டவர்.

வாங்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் நின்றால் வைத்தியம் இலவசம், ஆனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கணக்கு தெரியாமல் "டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வது சுலபம்.

குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: உதிரியாக வாங்காதீர்கள், அட்டையோடு கேளுங்கள். அட்டையை வெட்டினால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது ஆன்டிபயாடிக், சீட்டு இல்லாமல் தொடவே கூடாது.

பழைய கவுண்டர்
23 ஜூன் 2025, காலை 6:50

திருத்தம். சிவப்புக் கோடு என்றால் ஆன்டிபயாடிக் என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். 2016இல் அரசு விளம்பரம் செய்தது ஆன்டிபயாடிக்கை வைத்துத்தான், அதனால் அப்படியே மனசில் பதிந்துவிட்டது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை அட்டைகளிலும் அந்தக் கோடு உண்டு. சிவப்புக் கோடு என்றால் "டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து" என்று அர்த்தம். நேற்று என் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது பிரஷர் மாத்திரையை ஆன்டிபயாடிக் என்று நினைத்து நிறுத்தியிருந்தால், தயவுசெய்து இன்றே திரும்ப ஆரம்பியுங்கள்.

பழைய கவுண்டர்
29 ஜூன் 2025, மதியம் 3:15

இன்னொரு திருத்தம், இது முக்கியமானது. காசிமேட்டுத் தம்பி கவனி.

இரும்பு மாத்திரையை ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னேன். தப்பு. ராயபுரத்தில் நர்ஸாக இருந்து ரிட்டயரான அக்கா ஒருவர் தனியாக எழுதி என் காதைத் திருகிவிட்டார். ஒரு மணி நேரம் என்பது சாப்பாட்டுக்கும் காபிக்கும். இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரம் தள்ளிப் போக வேண்டும். வயிற்றுக்குள் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொண்டு உறிஞ்ச விடாது. பிறகு டி.எஸ்.எச். இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

அந்த அக்கா சொன்ன கால அட்டவணை எனக்குப் பிடித்திருந்தது: விடியலில் தைராய்டு, மதியம் சாப்பிட்ட பிறகு கால்சியம், ராத்திரி படுக்கப் போகும் முன் இரும்பு. இரும்பையும் கால்சியத்தையும் கூட ஒன்றாகப் போடக் கூடாது, ஒன்றை ஒன்று தடுக்கும். இரும்பு போட்ட கையோடு டீ வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் வேலை. மலச்சிக்கல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். ஜன்னல் வழியாக எறிய வேண்டாம். எங்கள் சந்தில் ஒரு முருங்கை மரத்தடியில் சிவப்பு மாத்திரையாகக் கிடக்கும். அந்த மரத்துக்கு இனி ரத்த சோகை வராது.

பழைய கவுண்டர்
6 ஜூலை 2025, இரவு 10:05

பக்க விளைவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வந்தால் எப்படித் தெரியும்?" பல நேரம் தெரியாது. என் அம்மாவுக்கு வந்தது எனக்கே தெரியவில்லை.

அம்மாவுக்குப் பிரஷருக்கு எனாலாபிரில் ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் வறட்டு இருமல். ராத்திரி படுத்தால் போதும், தொண்டையில் அரிப்பு மாதிரி இருமுவார். எண்ணூர்ப் பக்கப் புகை என்றோம், மாசு என்றோம், சாம்பிராணியை நிறுத்தினோம். மூன்று விதமான இருமல் சிரப்பை நானே என் கடையிலிருந்து வாங்கிப் போனேன். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்து டி.பி. இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதம். கடைசியில் ஒரு பயிற்சி டாக்டர், மகள் வயசுப் பெண், "பாட்டி, பிரஷருக்கு என்ன மாத்திரை?" என்று கேட்டார். அவ்வளவுதான். லோசார்ட்டனுக்கு மாற்றினார், மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது.

"பிரில்" என்று முடியும் மாத்திரைகளுக்கு வறட்டு இருமல் தெரிந்த பக்க விளைவு. அன்றைக்கு நான் கவுண்டருக்குப் பின்னால் 15 வருடம் நின்றவன். வருபவர்களுக்கெல்லாம் சொல்வேன், வீட்டில் தோன்றவில்லை. அதனால் எனக்கு ஒரு கணக்கு: புது மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்துக்குள் உடம்பில் புதிதாக எது வந்தாலும் முதல் சந்தேகம் மாத்திரை மேல். பிரஷருக்கு அம்லோடிபின் போட்டுக் கணுக்கால் வீங்கினால் சிறுநீரகம் போய்விட்டது என்று அலற வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல், தோல் உரிதல், கண் மஞ்சள் என்றால் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பக்க விளைவை நோயாளியே நேரடியாகச் சொல்ல இலவச எண்ணும் இருக்கிறது: 1800-180-3024.

இங்கேதான் மாமியார் மறுபடி ஜெயிக்கிறார். எனாலாபிரில், ராமிபிரில் போன்ற "பிரில்"களும், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற "சார்ட்டன்"களும் கர்ப்பத்தில் கூடாது. முக்கியமாக நாலாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்காகப் பிரஷர் மாத்திரையையே விட்டுவிட்டால் அம்மாவுக்கு வலிப்பு வரை போகலாம். மாற்று இருக்கிறது. லாபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபிடிபின் எல்லாம் கர்ப்பத்தில் நெடுநாளாகக் கொடுத்துவரும் மருந்துகள். பிரஷர் இருக்கும் பெண்கள் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே போய் மாற்றிக்கொள்வது உத்தமம்.

பழைய கவுண்டர்
13 ஜூலை 2025, இரவு 9:40

வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். தங்கைக்குச் சின்ன வயசிலிருந்து வலிப்பு, சோடியம் வால்ப்ரோயேட் போடுகிறாள், ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம்மா, அதில் நான் நுழையவில்லை. ஆனால் நரம்பு டாக்டரிடம் கல்யாணத் தேதியைச் சொல்லியே ஆக வேண்டும், தாலி ஏறுவதற்கு முன்பே.

காரணம் இதுதான். பொதுவாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் போட்டால் அது ஏறக்குறைய பத்து ஆகிறது. முதுகுத் தண்டு சரியாக மூடாமல் போவது அதில் முக்கியமானது. படிப்பு, பேச்சு, வளர்ச்சியில் பின்தங்கல் நூற்றில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு. தண்டுவடம் மூடுவதோ கரு உண்டாகி 28 நாளுக்குள். அதாவது நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, அட்டையில் இரண்டு கோடு பார்த்து, அம்மாவிடம் சொல்லும்போதே அந்த வேலை முடியப்போகிறது. அதற்குப் பிறகு ஓடிப் பயனில்லை. முன்கூட்டியே போனால் லெவெட்டிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற வேறு மாத்திரைக்கு மெல்ல மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். ஃபோலிக் அமிலமும் முன்பே ஆரம்பிப்பார்கள், அளவு அவர்கள் சொல்வதுதான்.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும், அதில் உயிரே போகும். மாற்றுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால்தான் இப்போதே போங்கள் என்கிறேன்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் போடும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த மாத்திரை நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை கரு தங்கவே கூடாது. தங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டிய மருந்து அது. பரு மாத்திரைதானே என்று தோழியிடம் கடன் வாங்கிப் போடுகிறார்கள், வயிறு எரிகிறது.

பழைய கவுண்டர்
14 ஜூலை 2025, மாலை 5:25

"நிறுத்தாதே என்று ஒரு நாள், நிறுத்து என்று ஒரு நாள், எதை நம்புவது?" என்று கொருக்குப்பேட்டைக்காரர் கோபப்பட்டிருக்கிறார். நியாயமான கோபம்.

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்று ஒரு தூக்க மாத்திரை வந்தது. ரொம்பப் பத்திரமானது என்று விளம்பரம். மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். கையும் காலும் வளராத பிள்ளைகள் பிறக்க ஆரம்பித்து, 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, ஆதாரம் போதாது என்று அனுமதி தராமல் இழுத்தடித்ததால் அங்கே பெரும்பாலோர் தப்பித்தார்கள். மருந்துக் கம்பெனிக்கு அவர் மேல் அப்படி ஒரு எரிச்சல். இழுத்தடிக்கும் அதிகாரிகளைப் பற்றி என் அபிப்பிராயம் மாறியது அவரால்தான்.

எதிர்ப் பக்கமும் ஒரு கதை உண்டு. அதே மசக்கைக்கு டாக்சிலமினும் பி6 வைட்டமினும் கலந்த மாத்திரை. பிறவிக் குறை வருகிறது என்று வழக்கு மேல் வழக்கு போட, 1983இல் தயாரித்த கம்பெனியே அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஆராய்ந்து பார்த்ததில் குறை எதுவும் நிரூபணமாகவில்லை. 2013இல் அதே கலவை அங்கே திரும்ப அனுமதி வாங்கியது. நடுவில் 30 வருடம் எத்தனை பெண்கள் வாந்தியெடுத்தே டிரிப் ஏற்றிக்கொண்டு படுத்தார்களோ. நம் ஊரில் இன்றும் மசக்கைக்கு முதலில் எழுதுவது பெரும்பாலும் அதுதான்.

ஒரு தம்பி "இது பி வகை மருந்து, பத்திரம்" என்று எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறார். கர்ப்பத்தில் எது எவ்வளவு ஆபத்து என்று மருந்துகளுக்கு எழுத்து போட்ட ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற அந்தப் பிரிவினையை அமெரிக்காவே 2015இல் கைவிட ஆரம்பித்துவிட்டது. ஸ்கூல் கிரேடு மாதிரி படித்துக்கொண்டு ஆளாளுக்கு முடிவெடுத்ததுதான் காரணம். எந்த மருந்து, எத்தனாவது வாரம், எவ்வளவு, நிறுத்தினால் அம்மாவுக்கு என்ன ஆகும், இந்த நாலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கொருக்குப்பேட்டை அண்ணனுக்கு இதைவிடச் சின்ன பதில் என்னிடம் இல்லை.

பழைய கவுண்டர்
27 ஜூலை 2025, காலை 8:00

ஆடி ஞாயிறு. தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள், மைக் செட் காதைக் கிழிக்கிறது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுபவர்கள் விரதம் என்று காலையில் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கோயில் வரிசையில் நிற்காதீர்கள். வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அது சாமி வருவது இல்லை, சர்க்கரை இறங்குவது. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை வாயில் போடுங்கள். போன வருடம் எங்கள் அம்மன் கோயிலில் ஒரு பெரியம்மாவுக்கு வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பானகத்தைக் கொடுத்தேன்.

பழைய கவுண்டர்
10 ஆகஸ்ட் 2025, இரவு 7:45

எதிர் வீட்டுத் தாத்தா தலை சுற்றி விழுந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். அவர் மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிஸ்கட் டப்பாதான் பெட்டி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்த அம்லோடிபின் ஒரு அட்டை. மகன் தனியார் டாக்டரிடம் காட்டி வாங்கிய கம்பெனிப் பெயர் போட்ட மாத்திரை ஒன்று, அதற்குள்ளும் அம்லோடிபின். முதல்வர் மருந்தகத்தில் விலை குறைவு என்று மருமகள் வாங்கி வந்தது மூன்றாவது. மூன்றும் வேறு நிறம், வேறு பெயர். தாத்தா மூன்றையும் பக்தியாகப் போட்டிருக்கிறார்.

யாரும் தப்பான மருந்து கொடுக்கவில்லை. மூன்று பேரும் சரியான மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்தில். நீங்கள் பார்க்க வேண்டியது பொடி எழுத்தைத்தான். கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு போங்கள். நாட்டு மருந்து, சூரணம், தைலம் உட்பட. "அது மருந்தில்லை, சும்மா கஷாயம்" என்று ஒதுக்காதீர்கள். பையைக் கவிழ்த்தால் சில டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பழைய கவுண்டர்
25 செப்டம்பர் 2025, இரவு 10:30

காசிமேட்டுத் தம்பி பதறிப்போய் எழுதியிருக்கிறான். மனைவிக்குக் காய்ச்சல் 102. பாராசிட்டமால் போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று அமெரிக்க அதிபரே சொல்லிவிட்டார், டிவியில் பார்த்தோம், போடலாமா?

முதலில் டாக்டருக்குப் போன் போடு, அவர் சொல்லும் அளவில் போடு. இந்த மாதத்தில் 102 காய்ச்சலை அப்படியே விடுவதுதான் ஆபத்து. 22ஆம் தேதி அவர்கள் அறிவித்தார்கள், சரி. இரண்டு நாளில் உலக சுகாதார நிறுவனம், அப்படி முடிவாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றுவிட்டது. ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் பிள்ளைகளை வைத்து 2024இல் வெளிவந்த ஆய்வில், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது எந்தத் தொடர்பும் தெரியவில்லை. தேவைக்கு மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாள். அது எப்போதும் சொல்வதுதான்.

பாராசிட்டமாலுக்கு உண்மையான எதிரி கல்லீரல் பக்கம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மாத்திரை ஆறு போட்டால் 3.9 கிராம், கோட்டைத் தொட்டாயிற்று. அதோடு சளி மாத்திரை ஒன்று சேர்த்தால் அதற்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். குடிப்பவர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. டெங்குக் காலத்தில் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். டெங்கு சந்தேகம் இருந்தால் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் பக்கம் போகவே வேண்டாம், ரத்தக் கசிவு வரும்.

தம்பி, ராத்திரி ஒரு மணியானாலும் பரவாயில்லை, எப்படி இருக்கிறாள் என்று எழுது.

காசிமேட்டுத் தம்பி
26 செப்டம்பர் 2025, காலை 6:10

இறங்கிவிட்டது அண்ணா. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். டெங்கு இல்லை.

பழைய கவுண்டர்
7 அக்டோபர் 2025, மதியம் 12:20

இருமல் சிரப் செய்தி பார்த்திருப்பீர்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். கிட்டத்தட்ட பாதிப் பாட்டில் விஷம். 1937இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா சிரப்பில் இதே சரக்கு கலந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கறாரான மருந்துச் சட்டம் வந்தது. 88 வருடம் ஆகிறது. எழுத எழுத ஆத்திரம் வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில் பாதி தீர்ந்த பழைய சிரப் எது இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சிரப்பே வேண்டாம்.

காசிமேட்டுத் தம்பி
31 ஜனவரி 2026, இரவு 8:15

பெண் குழந்தை அண்ணா. 26ஆம் தேதி, 2 கிலோ 900. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், பிள்ளைக்குத் தைராய்டு சரியாக இருக்கிறதாம். மனைவிக்கு மாத்திரையைத் திரும்ப 75 ஆக்கிவிட்டார். பால் கொடுக்கும்போது போடலாமா என்று மாமியார் கேட்கிறார்.

பழைய கவுண்டர்
31 ஜனவரி 2026, இரவு 8:40

தாராளமாகப் போடலாம். பிள்ளை பிறந்தால் பழைய அளவுக்கு இறக்குவது வழக்கம்தான். ஆறு வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வார்கள், பிள்ளை வேலையில் அதை மறந்துவிடாதே. சர்க்கரை எங்கே?

காசிமேட்டுத் தம்பி
1 பிப்ரவரி 2026, காலை 10:05

சர்க்கரை நேரில் கொண்டு வருகிறேன். இன்னொரு விஷயம். மாமியார் தன் பிரஷர் மாத்திரையை தீபாவளியிலிருந்து போடவில்லையாம், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். நேற்று பக்கத்து வீட்டில் பார்த்தபோது 170. உங்களிடம் கேட்கச் சொன்னதே அவர்தான். இருந்த அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பழைய கவுண்டர்
1 பிப்ரவரி 2026, காலை 10:30

போட்டோ பார்த்தேன். இரண்டு அட்டையிலும் பெயர் இருந்த பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள், ஒன்றில் "பின்" மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பழைய சீட்டைத் தேடச் சொல், பிஸ்கட் டப்பாவில் இருக்கும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாளைக்குத் திங்கள்கிழமை, மஞ்சப்பையோடு அவரைக் கூட்டிக்கொண்டு போ. இந்தத் தரம் திட்டு அவருக்கு.